மாப்பிள்ளையின் ஃபோன் சிணுங்கியது

அத்தியாயம் பதினொன்று

கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காரைத் திறக்கத் தெரியாது என்பது மூத்தவளின் அசைக்க முடியாத கருத்து.

"சார், சார்ஜ் போடற கன் வண்டியிலேர்ந்து வர மாட்டேங்குதுன்னா பிடிச்சு இழுக்காதீங்க. முதல்ல சாவியில அன்லாக் அமுக்குங்க."

"அமுக்கிட்டேம்மா. உங்க மெஷின்தான் சரியில்ல."

"கார் சாவிதானே சார் அமுக்கினீங்க?"

எதிர்முனையில் சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு 'டொக்' என்று ஓர் ஓசை.

"வந்துடுச்சு. ஆபீஸ் பைக் சாவியை அமுக்கிட்டு இருந்தேன். சரிம்மா, வெக்கறேன்."

அழைப்பு முடிந்ததும் அவள் திரையில் அவர் கொடுத்த மதிப்பெண் வந்து விழுந்தது. ஐந்துக்கு மூன்று. தப்பு அவர் மேல், மதிப்பெண் குறைவது இவளுக்கு. இந்த உத்தியோகத்தில் இதெல்லாம் தினப்படி.

பக்கத்து மேசைக்காரி ஒரு கொட்டாவி விட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். அலுவலகத்தில் அவள் பெயரே கொட்டாவிதான்.

நெடுஞ்சாலைகளில் எலெக்ட்ரிக் கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையங்களை நடத்துகிற கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை அது. சுவரை அடைத்த பெரிய திரையில் சாலைகள் கோடு கோடாக ஓடும். நிலையங்கள் புள்ளிகளாக மினுக்கும். எங்காவது ஒரு மெஷினில் யாராவது உதவிப் பொத்தானை அமுக்கினால், இங்கே காலியாக இருக்கும் யாராவது ஒருத்தி காதுக்கு அந்த அழைப்பு வரும். மூத்தவள் ஏழெட்டு வருடமாக இங்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்று அவள் கண் மட்டும்தான் வேலையில் இருந்தது. மனசு ஒரு காரின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். நேற்று மத்தியானம் அவள் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, ஒரு தோள்பையோடு, புருஷன் வாங்கிய காரிலேயே அவர் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்த வீட்டில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் உள்ளே இருக்க, இவள் படுக்கும் அறைக்கு மட்டும் வெளிப்பக்கம் இருந்தது. "தூக்கத்துல எழுந்து நடக்கறா அத்தை, படியில விழுந்து வெச்சா?" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அம்மா நம்பினாள். புகார் கொடுக்கப் போன இடத்திலும் அதையே நம்பி, "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பி வைத்தார்கள்.

மாப்பிள்ளை குரல் உயர்த்திப் பேச மாட்டார். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். அவருக்கு 'ர்' விகுதி போட்டே பழகிவிட்டது, எழுதுகிற எனக்கும்.

தப்பிக்கும் வழியை அக்காதான் வகுத்துக் கொடுத்தாள். ஃபோனைத் தலையணைக்கு அடியிலேயே விட்டுவிட வேண்டும், அதை வைத்துத்தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். வழியில் சார்ஜ் போட அக்காவின் ஊழியர் கார்டு. சாலை முடியும் ஊரில் அக்காவின் தோழி இருக்கிறாள், வக்கீல். இன்று பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். "நடுவுல ஏதாவதுன்னா ஹெல்ப் பட்டனை அமுக்கு. நான் எடுத்தா நல்லது. வேற யாராவது எடுத்தா என்னைக் கேளு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நேற்று அவளுக்கு ஷிஃப்ட் இல்லை. இன்று வந்து உட்கார்ந்ததும் தன் கார்டு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. டீ வந்தது, ஆறியது, மறுபடி பார்த்தாள். ஒன்றும் இல்லை.

இவ்வளவு தூரம் சார்ஜ் போடாமல் போகவே முடியாதே. எங்கேயாவது வண்டி நின்றுவிட்டதா?

பதறிப்போய் காரின் எண்ணைப் போட்டுத் தேடினாள். கார் கிடைத்துவிட்டது. இரட்டைச் சாலை நிலையம், முதல் மெஷின். இந்த நிமிஷம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் அதற்கு முந்தைய நிலையத்திலும் ஏறியிருக்கிறது.

அப்பாடா என்று மூச்சு விடப் போனவள், பாதி மூச்சில் நின்றாள்.

சார்ஜ் தொடங்கிய முறை என்ற இடத்தில் 'கார்டு' என்று இல்லை. 'ஆட்டோ' என்று இருந்தது. கணக்கு யார் பெயரில் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள்.

ஒரு காரை ஒரு முறை கணக்கில் பதிந்துவிட்டால், அப்புறம் கார்டு வேண்டாம், ஃபோன் வேண்டாம். கன்னைக் குத்தியதும் மெஷினே வண்டி எதுவென்று கண்டுகொண்டு சார்ஜைத் தொடங்கிவிடும். கார்டைத் தட்டுவதற்கெல்லாம் அது காத்திருக்காது. தொடங்கிய கையோடு கணக்குக்காரரின் ஃபோனுக்குச் செய்தியும் போய்விடும்: எந்த நிலையம், எந்த மெஷின், எவ்வளவு ஏறியிருக்கிறது.

அழைக்கிறவர்களுக்கெல்லாம் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறவள் அவள். மாப்பிள்ளை கார் வாங்கிய அன்று, "இருங்க தம்பி, நானே பதிஞ்சு தரேன், என் கல்யாணப் பரிசு" என்று அவர் ஃபோனை வாங்கிப் பதிந்து கொடுத்தவளும் அவள்தான். ஊருக்கே சொன்னது உடன்பிறந்தவள் விஷயத்தில் மறந்துபோயிற்று.

பாப்பா ஃபோனை விட்டுவிட்டு வந்தாள். வண்டியே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறது.

* * *

இரட்டைச் சாலை நிலையத்தில் ஆள் நடமாட்டம் இல்லை.

ஒரு தகரக் கூரை, அதன் கீழே முதுகோடு முதுகாக ஆளுயரத்துக்கு இரண்டு மெஷின்கள். பக்கத்தில் ஒரு காபிக் கடை இருந்தது, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்து மூடியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கழிப்பறை. அதற்கும் அப்பால் சாலை இரண்டாகப் பிரிந்து ஒன்று ஆற்றோடும் ஒன்று காட்டுக்குள்ளும் போயிற்று. பாப்பா காட்டு வழியில் போக வேண்டும்.

கன்னைக் குத்திவிட்டுப் பையிலிருந்து அக்காவின் கார்டைத் துழாவி எடுப்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது: 'வணக்கம். உங்கள் வாகனத்தை அடையாளம் கண்டுகொண்டோம்.'

நேற்று சாயங்காலம், ராத்திரி வண்டிக்குள்ளேயே படுப்பதற்கு முன் சார்ஜ் போட்டபோதும் இப்படித்தான் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கார்டையும் தட்டினாள். மெஷின் 'ஏற்கெனவே தொடங்கிவிட்டது' என்றது.

அக்கா ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா கெட்டிக்காரி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அக்கா மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

நின்று பார்த்தாள். எண்கள் மெல்ல ஏறின. வீட்டில் அவள் குளிக்கும் நேரம்கூட ஒருவர் கணக்கில் இருந்தது. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சாலையில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. நிலையத்துக்கு எதிரே வந்ததும் வேகம் குறைந்தது. பிறகு நிற்காமல் ஆற்று வழியில் போய்விட்டது.

அவள் கழிப்பறைக்குள் போனாள். கதவைச் சாத்துமுன் தாழ்ப்பாளைப் பார்த்தாள். உள்ளே இருந்தது. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அழுகை வந்துவிட்டது.

முகம் கழுவிய பிறகும் அவளுக்கு வெளியே வர மனசில்லை. சார்ஜ் நின்றால் மெஷின் நீளமாகக் கூவும். அதுவரை இங்கேயே இருப்போம் என்று தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

* * *

அம்மாவுக்குத் தையல் வேலை. கடைகளில் வாங்கிய துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தருவாள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது, குளிக்கும்போது எப்படியோ தெரியாது.

இன்று மெஷின் ஓடவில்லை. வீட்டில் டிரில் சத்தம்தான் கேட்டது. மாப்பிள்ளை காலையிலேயே கருவிப் பையோடு வந்துவிட்டார்.

"பாப்பா திரும்பி வந்தா நேரா என் வீட்டுக்கு வர வேண்டாம் அத்தை. இங்கயே உங்ககூட கொஞ்ச நாள் இருக்கட்டும். அந்தச் சின்ன ரூமை ஒழுங்கு பண்ணிடறேன்."

இந்த மாதிரி மாப்பிள்ளை எத்தனை பேருக்கு அமையும் என்று அம்மா உருகிப் போனாள். துணி மூட்டைகளை அவரே வெளியே எடுத்துப் போட்டார். கட்டிலை அவரே இழுத்துப் போட்டார். ஜன்னலைத் திறக்க முடியாதபடி நாலு பக்கமும் ஸ்க்ரூ அடித்தார். கேட்டதற்கு, குளிர் வரும் அத்தை என்றார்.

அவருடைய ஃபோன் தையல் மெஷின்மேல் கிடந்தது. திடீரென்று சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"பாதி ஏறிடுச்சு" என்றார்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"பாப்பா பேசினாளா?"

"வண்டி பேசிச்சு." சிரித்தபடி ஃபோனைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா நீங்க போய்க் கூட்டிட்டு வரலாமே? இங்க உக்காந்து ஸ்க்ரூ அடிச்சிட்டு இருக்கீங்க."

"நான் எதுக்கு அத்தை அலையணும்? வர வேண்டியவ வருவா."

எவ்வளவு பொறுமை என்று நினைத்தாள் அம்மா. அப்போது அவள் ஃபோன் அடித்தது. மூத்தவள்.

"அம்மா, மாப்பிள்ளை எங்க இருக்கார்னு உனக்கு ஏதாவது தெரியுமா?"

"இங்கதான் இருக்கார். ரூம் சரி பண்ணிட்டு இருக்கார்."

அந்தப் பக்கம் மூத்தவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா வீட்டிலிருந்து இரட்டைச் சாலைக்கு அரை நாள் ஓட்ட வேண்டும். ஆள் இங்கே இருக்கிறார். அப்படியானால் நேரம் இருக்கிறது. அடுத்த நிலையத்தில் பாப்பா கன்னைக் குத்துவதற்குள் அந்தக் காரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் போதும். இரண்டு வழியில் எந்த வழியில் போனாள் என்று அவருக்குத் தெரியாது.

நீக்குவதில் ஒரே ஒரு சிக்கல். கணக்குக்காரரின் ஃபோனுக்கு ஓ.டி.பி. போகும். அதைச் சொன்னால்தான் நீக்க முடியும்.

"அம்மா, நான் சொல்றதை அவருக்குக் கேக்காம கேளு. அவர் ஃபோனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். அதை மட்டும் பாத்து எனக்குச் சொல்லு."

"அடுத்தவங்க ஃபோனைத் திருட்டுத்தனமாப் பாக்கச் சொல்றியா?"

"பாப்பாவுக்காகம்மா. அந்தத் தாழ்ப்பாள் விஷயம் சொன்னேன்ல?"

"நீதான் அவளைக் கெடுக்கற. நல்ல மனுஷன் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம வேலை பாக்கறார். ஒரு குடும்பத்தைப் பிரிக்க உனக்கு எப்படித்தான் மனசு வருதோ."

அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

* * *

"யாரு அத்தை, அக்காவா?"

"ஆமா. வேலை நேரத்துல சும்மா பேச்சு."

டிரில் நின்றிருந்தது. மாப்பிள்ளை கதவின் ஓரத்தில் விரலால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூக்களின் காலி டப்பாவை அம்மாவிடம் நீட்டினார்.

"முடிஞ்சுது. வந்து பாருங்க."

பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். அம்மா தொட்டுப் பார்த்தாள். துணியில் ஒரு தையல் அரை விரல்கடை தள்ளியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இதுவும் தப்பவில்லை.

"மாத்தி வெச்சுட்டீங்க போலிருக்கே மாப்பிள்ளை. வெளிப்பக்கம் இருக்கு."

"இல்ல அத்தை. சரியாத்தான் வெச்சிருக்கேன்."

"உள்ள இருக்கறவங்க எப்படிப் போடுவாங்க?"

"அவங்க எதுக்குப் போடணும்?" கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் அடுக்கியபடியே பேசினார். "அவ தூக்கத்துல நடப்பால்ல. ராத்திரி நீங்க ஒரு தடவை இழுத்து விட்டுட்டுப் படுங்க. காலையில திறந்தாப் போதும். நீங்க பெத்தவங்க, உங்க கையால செஞ்சா அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நாலு பக்கமும் ஸ்க்ரூ. கட்டிலைப் பார்த்தாள்.

பாப்பா இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். கல்யாணமாகிப் போகிறவரை இந்தத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள். பண்டிகைத் துணி என்று விடிய விடிய மெஷின் ஓடிய நாட்களில்கூடப் புரண்டு படுக்காமல் தூங்குவாள். நடப்பதாவது. இது அம்மாவுக்குத் தெரியாததா? அவர் சொன்ன அன்றே தெரிந்திருக்க வேண்டும். சொன்னவர் மாப்பிள்ளை என்பதால் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டாள். மூத்தவள் தொண்டை கிழியக் கத்தியபோதும் காதில் விழவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் இவரை மெச்சிக்கொண்டாளே, அந்த வெட்கம்தான் முதலில் வந்தது. பயம் அதற்கப்புறம் வந்தது.

நாடாவைக் கழுத்தில் சரிபண்ணிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, கதவு கீழ இடிக்கற மாதிரி இருக்கே. உள்ள நின்னு கொஞ்சம் பாருங்களேன். எனக்குக் குனிய முடியல."

"இடிக்கலையே அத்தை."

"வெளியில தெரியாது. உள்ளேர்ந்து பாத்தாத்தான் தெரியும்."

அவர் உள்ளே போய்க் குனிந்தார். அம்மா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். நன்றாக எண்ணெய் போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை.

உள்ளேயிருந்து கைப்பிடி ஒரு தடவை அசைந்தது.

"அத்தை? கதவு மாட்டிக்கிச்சு போல."

"மாட்டிக்கல மாப்பிள்ளை. சரியாத்தான் பூட்டுது."

அம்மா மூச்சு வாங்க மெஷின் அருகே வந்தாள். தன் ஃபோனில் மூத்தவளைக் கூப்பிட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"என்னம்மா?"

"இப்பச் சொல்லு. என்ன நம்பர் வேணும் உனக்கு?"

* * *

மூத்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அழ நேரமில்லை. மாப்பிள்ளையின் கணக்கைத் திரையில் திறந்தாள். 'வாகனங்கள்: 2' என்று இருந்தது. பாப்பாவின் காரைத் தேர்ந்தெடுத்து, 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

அம்மாவின் வீட்டில் மாப்பிள்ளையின் ஃபோன் சிணுங்கியது.

"வந்துடுச்சும்மா, படி."

"கண்ணாடி எங்க வெச்சேன்... இரு, இரு. தலைமேலயே இருக்கு. பதினாலு, முப்பத்தெட்டு..."

"அளவு சொல்ற மாதிரி சொல்லாத. ஒவ்வொண்ணா சொல்லு."

"ஒண்ணு, நாலு, மூணு, எட்டு, ரெண்டு, ரெண்டு."

திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. 'வாகனம் நீக்கப்பட்டது.'

"போச்சும்மா! போயே போச்சு! இனிமே அவ எங்க நின்னாலும் அவருக்குத் தெரியாது." மூத்தவள் குரல் உடைந்தது. கொட்டாவி திரும்பிப் பார்த்தாள், வாயைத் திறக்காமல். "எப்படிம்மா பாத்த? அவர் எங்க?"

"ரூம்ல இருக்கார். அவர் வெச்ச தாழ்ப்பாளை நான் போட்டுட்டேன்."

மூத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவை இப்படி அவள் பார்த்ததே இல்லை.

இனி பாப்பாவிடம் பேச வேண்டும். நின்றது போதும், உடனே கிளம்பு என்று சொல்ல வேண்டும். அவளிடம் ஃபோன் இல்லை. அவளாக உதவிப் பொத்தானை அமுக்கினால்தான் பேச முடியும். அமுக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. மூத்தவள் இங்கிருந்தபடியே முதல் மெஷினின் சார்ஜை நிறுத்தினாள். மெஷின் கூவும், பாப்பா ஓடி வருவாள், என்ன ஆயிற்று என்று பொத்தானை அமுக்குவாள்.

"அம்மா, லைன்லயே இரு. வெச்சுடாத."

அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கதவைத் தட்டவில்லை. இடிக்கவில்லை. கட்டில் மெல்ல முனகியது. உட்கார்ந்திருக்கிறார்.

"அத்தை" என்றார் உள்ளேயிருந்து, அதே தணிந்த குரலில். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க பதட்டப்படாதீங்க, உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு. தம்பி போய்ச் சேர்ந்துட்டானான்னு மட்டும் என் ஃபோனைப் பாத்துச் சொல்லுங்க."

"எந்தத் தம்பி?"

"என் தம்பிதான் அத்தை. நேத்து சாயங்காலமே கிளம்பச் சொன்னேன். வண்டி எங்க நிக்குதுன்னு இன்னிக்கும் அவனுக்குச் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி உண்டு. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. வாரம் முழுக்க நெடுஞ்சாலையில்தான் அவருக்குக் குடித்தனம். கல்யாணத்தில் சிரித்த முகமாக எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினாரே, அவர்தான்.

கட்டுப்பாட்டு அறையில் கொட்டாவியின் மேசையில் விளக்கு எரிந்தது. அவள் எடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இரட்டைச் சாலையிலேர்ந்து ஒரு பொண்ணு. உன்னைத்தான் கேக்குது. மாத்தி விடறேன்."

ஹெட்செட்டில் காற்றுச் சத்தத்தோடு அந்தக் குரல் வந்தது. "அக்கா? நீதானா? உள்ள பாத்ரூம்ல இருந்தேன். மெஷின் கத்திச்சு, ஓடி வந்தேன். பாதியிலயே நின்னுடுச்சுக்கா."

"நான்தான் நிறுத்தினேன். பயப்படாத. எல்லாம் சரியாயிடுச்சு, அம்மாவும் நம்ம பக்கம் வந்துட்டா. ஏறியிருக்கறது அடுத்த இடம் வரைக்கும் போதும். கன்னை எடுத்து மாட்டிட்டுக் கிளம்பு."

"அம்மாவா? நிஜமாவா சொல்ற?"

"அப்புறம் கதை பேசலாம். கிளம்பு."

இன்னொரு காதில், மேசைமேல் கிடந்த ஃபோனிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா குழம்பியிருந்தாள்.

"ஏண்டி, நீக்கிட்டேன்னு சொன்னியே? இவர் ஃபோனுக்கு மறுபடியும் வருதே?"

"என்ன வருது?"

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சார்ஜிங் தொடங்கியது. இரட்டைச் சாலை நிலையம். இரண்டாவது மெஷின்."

மூத்தவள் திரையைப் பார்த்தாள். பாப்பாவின் காருக்கு அடுத்த மெஷினில் விளக்கு பச்சையாகியிருந்தது. தொடங்கிய முறை: ஆட்டோ. கணக்கு: மாப்பிள்ளை. கணக்கில் இரண்டு வண்டிகள் என்று கண் முன்னால் போட்டிருந்தது. அவள் ஒன்றைத்தான் நீக்கினாள்.

"பாப்பா, கார்ல ஏறு! பேசாத, ஏறு!"

பாப்பா கன்னை எடுக்கும் 'டொக்' ஓசை வந்தது. ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் யாரோ நிதானமாக நடந்து வந்தார்கள். பிறகு மிகவும் அன்பான ஒரு குரல், மெஷினுக்கு வெகு பக்கத்தில்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? வண்டி நின்னு போச்சா? நல்லவேளை, நான் வந்தேன். அண்ணன் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"பாப்பா!" என்று மூத்தவள் கத்தினாள். அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அழைப்பு முடிந்தால் மெஷின் வழக்கம்போல அழைத்தவரிடம் ஒரு கேள்வி கேட்கும்: எங்கள் உதவி திருப்தியாக இருந்ததா? பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை. மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரட்டைச் சாலை நிலையத்தில் யாரோ நிதானமாக அதற்குப் பதில் சொன்னார்கள். அவள் திரையில் மதிப்பெண் வந்து விழுந்தது.

ஐந்துக்கு ஐந்து.